பதினொன்றேகால் மீட்டர்

ஜனவரி 9, திங்கள்

இன்று முதல் நான் கணக்கு டீச்சர். எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை.

எல்லாம் வெள்ளிக்கிழமை வினை. விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கும் ஒரு போட்டி இருக்கட்டுமே என்று சாக்கு ஓட்டத்துக்கு ஒத்திகை வைத்தேன். கணக்கு சார் ஆசை ஆசையாக இரண்டு காலையும் சாக்குக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றார். மூன்று குதி நன்றாகத்தான் குதித்தார். நான்காவது குதியில் சாக்கு முன்னால் போனது, சார் போகவில்லை. கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறேழு வாரம் மாவுக்கட்டு.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "அவரை விழ வச்சது நீங்க. அவரோட ஏழாம் வகுப்பை நீங்களே பாத்துக்குங்க."

"நான் எங்க மேடம் விழ வச்சேன்? சாக்குதான்..."

"சாக்கெல்லாம் சொல்லாதீங்க டீச்சர்."

பன்னிரண்டு வருடமாக இந்தப் பள்ளியில் விசில் ஊதிப் பிழைக்கிறேன். கணக்கென்றால் எனக்கு அன்றும் பயம், இன்றும் பயம். இதை யாரிடம் சொல்வது? மைதானத்தில் நான் முறைத்தால் பத்தாம் வகுப்புப் பயல்களே கப்சிப். அந்தப் பேரைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஜனவரி 10, செவ்வாய்

முதல் வகுப்பு. முப்பத்தெட்டு பேர். உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டேன். எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். பக்கத்து வகுப்பும் எழுந்து நின்றதாம்.

பாடம்: முழுக்கள். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருமாம். ஏன் வரும் என்று புத்தகத்தில் போடவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "ஏன் டீச்சர்?"

என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எல்லோரையும் தாழ்வாரத்தில் நிறுத்தி, "குறைன்னா திரும்பி நில்!" என்றேன். திரும்பினார்கள். "இன்னொரு குறை!" மறுபடி திரும்பினார்கள். "இப்ப எந்தப் பக்கம் பாக்கறீங்க?" "முன்னாடி டீச்சர்!" "அவ்வளவுதான். மிகை. உள்ள போங்க."

எனக்கே இன்றுதான் புரிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது என்னைத் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தால் தேர்வில் தேறியிருப்பேன்.

ஜனவரி 12, வியாழன்

எக்ஸ் என்பது எவ்வளவு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்ததும் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 18, புதன்

அந்த முன்வரிசைப் பெண்ணுக்கு வகுப்பில் 'ஏன்' என்றே பட்டப்பெயர். வருகைப் பதிவு எடுக்கும்போதுகூடப் பிள்ளைகள் அப்படித்தான் குரல் கொடுக்கிறார்கள். மூச்சு விடுவதற்குள் இரண்டு தடவை 'ஏன் டீச்சர்' கேட்டுவிடுகிறாள். ஆனால் ஓட்டத்தில் புலி. இந்த வருடம் ஒரு சுற்று ஓட்டத்தில் ஜெயிக்கிறவளை விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பப் போகிறோம். தங்க இடம், பயிற்சி, படிப்பு எல்லாம் அங்கேயே. அது இவளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவள் நம் பள்ளி வேன் ஓட்டுகிற பெண்ணின் தங்கை என்று இன்றுதான் தெரிந்தது.

வேன்காரி என்னிடம் படித்தவள். எட்டு வருடத்துக்கு முன்னால் இதே ஒரு சுற்று ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் ஒரு நெஞ்சளவு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். அந்த வருடமும் முதலாவதாக வந்தவள்தான் விடுதிக்குப் போனாள். இவள் அதோடு ஓடுவதையே விட்டுவிட்டாள். இப்போது தினமும் காலையில் எங்கள் தெரு விளக்குக் கம்பத்துக்கு நேராக வேனை நிறுத்துவாள். முதலில் ஏறுவது நான்தான். "வாங்க டீச்சர்." பள்ளி வந்ததும், "இறங்குங்க டீச்சர்." இரண்டு வருடமாக இவ்வளவுதான் பேச்சு. தோல்வியைத் தாங்கத் தெரியாத பெண். நான் என்ன செய்ய முடியும்?

ஜனவரி 19, வியாழன்

இன்று நான் கணக்கில் கொடி நாட்டினேன்!

பாடம் நேர்விகிதம். புத்தகத்து எடுத்துக்காட்டு எனக்கே கொட்டாவி. "இதெல்லாம் வேணாம், நம்ம மைதானத்தையே எடுத்துக்குவோம்" என்றேன். வட்டமான பாதையில் வெளிப்பக்கம் ஓடுகிறவளுக்குத் தூரம் கூடும். அதனால் அவளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்திக் கிளப்ப வேண்டும். எவ்வளவு முன்னால்? பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு மனப்பாடமே செய்ய வைத்தார்கள்: நானூறு மீட்டர் மைதானத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் ஏழரை மீட்டர். நம் மைதானம் இருநூறு மீட்டர். பாதி. ஆக ஒவ்வொரு தடத்துக்கும் மூன்றேமுக்கால். கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது தலைமையாசிரியை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் தலையாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் இங்கே தடமே கிடையாது, எல்லோரும் கும்பலாக ஓடுவார்கள். தடம் போட்டது நான். அதையும் சொல்லி வைத்தேன்.

"ஏன் டீச்சர் பாதி?"

"மைதானம் பாதி. அதனால எல்லாமே பாதி."

"அப்ப டிராக்கோட அகலமும் பாதியா டீச்சர்?"

"அகலத்தைப் பாதியாக்கினா நீ ஒத்தைக் கால்லயா ஓடுவ? உக்காரு."

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள்.

ஜனவரி 24, செவ்வாய்

இறுதிப் போட்டிக்கு நான்கு பேர் தேறினார்கள். சீட்டுக் குலுக்கித் தடம் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் மகளுக்கு முதல் தடம். 'ஏன்' எடுத்தது நான்கு.

"ஐயையோ, நாலாவது டிராக்கா!" என்று மொத்த மைதானமும் உச்சுக் கொட்டியது. இந்தப் பள்ளியில் நான்காவது தடம் ராசியில்லாததாம். அதில் ஓடி யாரும் ஜெயித்ததில்லையாம். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கால் மணி நேரம் நிற்க வைத்துப் பேசினேன். தடத்தில் என்ன ராசி, சுண்ணாம்புத்தூளில் என்ன ராசி, எல்லாம் மனசு, மனசுல தில் இருந்தா எந்தத் தடத்துலயும் ஜெயிக்கலாம் என்று. நன்றாகத்தான் பேசினேன்.

ஜனவரி 25, புதன்

வேன்காரி வாயைத் திறந்தாள்.

"டீச்சர், என் தங்கச்சி ஓட மாட்டா."

"ஏம்மா?"

"நாலாவது டிராக்."

"வண்டி ஓட்டற பொண்ணு, நீகூடவா இதையெல்லாம் நம்பற?"

"நான் நம்பல டீச்சர். நான் ஓடினேன்."

அப்புறம் பள்ளி வரும்வரை பேச்சில்லை. இறங்குங்க டீச்சர்கூட இல்லை.

ஜனவரி 31, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

பாடம்: வட்டத்தின் சுற்றளவு. 22/7 என்று சொன்னதுமே பாதிப் பேர் முகம் கோணியது, என் முகமும் சேர்த்துத்தான். அதனால் மைதானத்துக்கே கூட்டிப்போனேன். நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, ஆரம் இரண்டு மீட்டர் வைத்து ஒரு வட்டம் போட்டோம். பிறகு தடம் போடும் குச்சியை எடுத்தேன். அது ஒன்று புள்ளி இரண்டு மீட்டர், ஒரு தடத்தின் அகலம். அந்தக் குச்சி அளவு தள்ளி வெளியே இன்னொரு வட்டம். இரண்டையும் நாடாவால் அளந்தார்கள். வெளிவட்டம் ஏழரை மீட்டர் கூடுதல்.

ஏழரையா? சரி, இருக்கட்டும்.

"இப்ப பெரிய வட்டமா போடலாம் டீச்சர்" என்றார்கள். ஆரம் பத்து மீட்டர். அதிலிருந்து ஒரு குச்சி அளவு தள்ளி இன்னொன்று. அளந்தார்கள். கூடுதல் மறுபடியும் ஏழரை.

"தப்பா அளந்திருப்பீங்க. திரும்ப அளங்க." அளந்தார்கள். ஏழரைதான்.

'ஏன்' மண்ணில் குச்சியால் எழுதிக் கழித்துப் பார்த்தாள். "ரெண்டு வட்டத்தையும் கழிச்சா ஆரமே காணாம போயிடுது டீச்சர். குச்சி மட்டும்தான் மிச்சம் நிக்குது. அப்ப வட்டம் சின்னதா இருந்தாலும் பெருசா இருந்தாலும் கூடறது ஒண்ணுதான்." பிறகு ஓடுபாதையைக் காட்டினாள். "நேரா இருக்கற பக்கத்துல எல்லாருக்கும் ஒரே தூரம். ரெண்டு வளைவையும் சேத்தா ஒரு வட்டம். அப்ப நம்ம மைதானத்துக்கும் ஏழரைதானே டீச்சர்? நீங்க ஏன் பாதி..."

"மணி அடிச்சாச்சு, எல்லாரும் உள்ள போங்க!"

மணி அடிக்கவில்லை. இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

பிப்ரவரி 1, புதன்

அப்படி இருக்காது. பன்னிரண்டு வருடம். யாராவது ஒருவர் சொல்லியிருக்க மாட்டார்களா?

கணக்கு சாருக்குப் போன் போட்டேன். "சார், ஒரு சந்தேகம். எனக்கில்ல, தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு." விஷயத்தைச் சொன்னேன்.

"பாதியெல்லாம் கிடையாது டீச்சர். மைதானம் எவ்வளவு இருந்தாலும் தடத்தோட அகலம்தான் கணக்கு. அந்தத் தெரிஞ்சவங்க எத்தனை வருஷமா பாதி போடறாங்க?"

"பன்னெண்டு."

"டீச்சர், நான் சாக்குல விழுந்ததே தேவல."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இவருக்கு வீட்டுக்குக் கீழேயே தையல் கடை. குடை மாதிரி விரிகிற கவுன் ஒன்றுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "இடுப்பு குழந்தையோடதா இருந்தாலும் சரி, குண்டு அம்மாவோடதா இருந்தாலும் சரி, கவுனை ஒரு அங்குலம் இறக்கினா விளிம்புக்கு லேஸ் ஆறேகால் அங்குலம் கூட வேணும். இது என் மெஷினுக்கே தெரியுமே!"

பதினாறு வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒரு நாளாவது சொன்னாரா?

"நீ கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்கிறார்.

பிப்ரவரி 2, வியாழன்

சாமான் அறையில் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு இறுதிப் போட்டி. முதல் தடத்தில் ஓடியவர்கள் ஒன்பது தடவை ஜெயித்திருக்கிறார்கள், இரண்டாவது தடம் மூன்று தடவை. மூன்றாவதும் நான்காவதும் ஒரு தடவைகூட இல்லை. பிள்ளைகள் உச்சுக் கொட்டியது சரிதான். அதற்குப் பேர் ராசி என்று அவர்கள் வைத்தார்கள், மனசு என்று நான் வைத்தேன்.

நான்காவது தடத்துக்கு இருபத்திரண்டரை மீட்டர் முன்னால் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுத்தது பதினொன்றேகால். முதல் தடத்தில் ஓடுகிறவள் இருநூறு ஓடினால் இவள் இருநூற்றுப் பதினொன்றேகால் ஓடியிருக்கிறாள்.

எட்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. தடம் நான்கு. இரண்டாமிடம். நெஞ்சளவு. வேன்காரிதான். ஜெயித்தவள் ஓடியது முதல் தடத்தில்.

அன்று அவளிடம் நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். "கடைசிப் பத்து மீட்டர்ல உனக்கு மனசு விட்டுப்போச்சும்மா. தில் இல்ல உனக்கு" என்றேன். ஒரு பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட. கடவுளே, அந்தக் கடைசிப் பத்து மீட்டர் ஜெயிச்சவளுக்கு இல்லவே இல்லையே! இவதானே அதை ஓடினா! நான் என்னத்தைச் சொல்லித் தொலைச்சேன்?



பிப்ரவரி 6, திங்கள்

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று தீர்மானித்தேன். கோட்டை மாற்றிவிட்டால் போதும், பழசை எதற்குக் கிளற வேண்டும்? வேனுக்குக் காத்திருக்காமல் காலை ஆறரைக்கே நடந்து போய்ப் பழைய கோடுகளை அழித்துப் புதிதாகச் சுண்ணாம்புத்தூள் போட்டேன். குனிந்து குனிந்து இடுப்பு போயிற்று.

எட்டரைக்கு 'ஏன்' வந்தாள். வந்ததும் காலடி வைத்து அளந்தாள். என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், கோடு ஏன் நடந்து போயிடுச்சு?"

"நேத்து காத்து அடிச்சுது."

"எல்லாக் கோட்டையும் சரியா அளந்து அடிச்சிருக்கு டீச்சர்."

பிப்ரவரி 8, புதன்

முதல் தடத்துப் பெண்ணின் அப்பா, அதுதான் மருந்துக்கடைக்காரர், வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "என் பொண்ணு இங்க நிக்கிறா, அந்தப் பொண்ணு இருபத்திரண்டு மீட்டர் தள்ளி அங்க நிக்கிறா. இது ஓட்டப்பந்தயமா, இல்ல வழியனுப்பற விழாவா?"

தலைமையாசிரியை கூப்பிட்டார். உள்ளதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பழைய கோட்டையே போட்டுடுங்க."

"மேடம், அது தப்பு."

"பன்னெண்டு வருஷமா இருந்த கோடு. இப்ப மாத்தினா, அப்ப அதெல்லாம் தப்பானு கேப்பாங்க."

"கேட்டா?"

"கேக்க விடாதீங்க."

பிப்ரவரி 9, வியாழன்

பழைய கோட்டைப் போட்டேன். 'ஏன்' பார்த்துக்கொண்டே நின்றாள். இன்று ஒரு 'ஏன்' கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

நான்கு நாளாக வகுப்பில் அவள் கையைத் தூக்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள்தானே நான்? இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகு கூசுகிறது.

இன்று காலை வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த நிறுத்தம் வர எட்டு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் ஆரம்பித்தேன். பாதி, ஏழரை, பதினொன்றேகால், அவளுடைய ஓட்டம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "தப்பு உன்மேல இல்லம்மா. என் கோட்டுமேல. அன்னைக்கு நான் பேசினதும் தப்பு. என்னை மன்னிச்சிடு."

வேன் ஓரமாக நின்றது. அவள் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"எட்டு வருஷம் டீச்சர். நெஞ்சைக் கொஞ்சம் முன்னாடி தள்ளியிருந்தா ஜெயிச்சிருப்பேனேனு எட்டு வருஷம் நெனச்சிட்டிருந்தேன்."

கதவைத் திறந்துவிட்டாள்.

"இறங்குங்க டீச்சர்."

பள்ளி இன்னும் வரவில்லை. இருந்தாலும் இறங்கினேன். ஒன்றரை கிலோமீட்டர். வேர்த்து விறுவிறுத்துப் போய்த் தாமதப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'விகிதம்' என்று எழுதினேன்.

அதே வேகத்தில் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். "மேடம், கோட்டை மாத்தப் போறேன். வியாழக்கிழமை பெத்தவங்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் மாத்தப் போறேன். கேக்கறவங்க கேக்கட்டும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தவங்களை நீங்களே சமாளிச்சுக்குங்க. நான் அன்னைக்கு லீவு."

பிப்ரவரி 14, செவ்வாய்

வேன் வருமா என்ற சந்தேகத்தோடுதான் விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். வந்தது. நிற்காமல் என்னைத் தாண்டிப் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வாங்க டீச்சர்." வேறு பேச்சில்லை.

பிப்ரவரி 15, புதன்

இன்றும் தாண்டிப் போய்த்தான் நின்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. காலடி வைத்து எண்ணிக்கொண்டே போனேன்.

பதினோரு மீட்டர். கொஞ்சம் கூட.

பிப்ரவரி 16, வியாழன்

மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் பெற்றோர் கூட்டம். ஏழாம் வகுப்பு முப்பத்தெட்டு பேரும் நாடாவும் கயிறுமாகத் தயார். சூத்திரம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானே கேட்டதில்லையே. அதனால் மருந்துக்கடைக்காரர் கையிலேயே நாடாவைக் கொடுத்தேன். "நீங்களே அளங்க. முதல் தடம் ஒரு சுற்று. அப்புறம் நாலாவது தடம், இந்தப் பழைய கோட்டிலிருந்து."

மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தார். முதல் தடம் இருநூறு. நான்காவது தடம் இருநூற்றுப் பதினொன்று சொச்சம். நாடா தொய்ந்துவிட்டது என்றார். மறுபடி அளந்தார். அதே இருநூற்றுப் பதினொன்று. மூன்றாவது தடவை அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, போதும்ப்பா" என்று அவர் மகளே வந்து நாடாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் கேட்டார். "அப்ப இத்தனை வருஷமா?"

"இத்தனை வருஷமும் தப்பு. கோடு போட்டது நான். தப்பு என்னோடது."

பத்தாம் வகுப்புப் பயல்கள் வேறு சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போச்சு, பன்னிரண்டு வருடம் சேர்த்து வைத்த பேரெல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், அப்ப ஏன் பாதி போட்டீங்க?"

"நேர்விகிதம்னு நெனச்சிட்டேன்டி. எல்லாமே நேர்விகிதமா இருக்காதுன்னு நீ சொல்லித்தான் தெரிஞ்சுது."

சிரித்துவிட்டாள். கூட்டத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் புதுக்கோடு போடும்போது சுண்ணாம்புத்தூள் சட்டியை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 17, வெள்ளி

பழைய பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: "இவள் ஓடியது இருநூற்றுப் பதினொன்றேகால் மீட்டர். முதல் தடத்தில் ஜெயித்தவள் ஓடியது இருநூறு. தவறு கோடு போட்டவளுடையது." கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன். 'ஏன்' எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, சனி

விளையாட்டு விழா. 'ஏன்' ஓடினாள்! கடைசி வளைவு திரும்பும்போது நான்கு பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள். இந்த மைதானத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. விசிலைக் கடித்தே விட்டேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஓடுடீ! நெஞ்சைத் தள்ளுடீ!" என்று காது கிழிய ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் வேன்காரி, வேனின் கூரை மேலே ஏறி நிற்கிறாள்.

முதல் தடத்துப் பெண் ஜெயித்தாள். 'ஏன்' இரண்டாவது. கைக்குட்டை அகல வித்தியாசம்தான்.

நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன். ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவளே பேசினாள். "தோத்துட்டேன் டீச்சர். அவ நெஜமாவே என்னைவிட வேகம்." மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தாள். "ஏன் டீச்சர் அவ வேகமா ஓடறா?"

இதற்கு எந்தச் சூத்திரமும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து பயிற்சிக்கு வா, இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று சொன்னேன்.

பிப்ரவரி 20, திங்கள்

புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். வேன் எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே முன்கூட்டிப் போய் நின்றேன். வேன் அதற்கும் பதினோரு மீட்டர் தாண்டிப் போய் நின்றது.

பிப்ரவரி 21, செவ்வாய்

மறுபடி விளக்குக் கம்பத்துக்கே வந்துவிட்டேன். ஒழுங்காக நடந்தேன். வீட்டுக்காரர் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தினமும் கொஞ்சம் நடந்தா உனக்கும் நல்லதுதான்" என்கிறார். சிரிப்பை அடக்குவது தெரிகிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

வகுப்புத் தேர்வு. வட்டம் பாடத்தில் முப்பத்தாறு பேர் முழு மதிப்பெண். கணக்கு சார் போனில், "காப்பியா டீச்சர்?" என்று கேட்டார். "கயிறு சார்" என்றேன்.

பிப்ரவரி 27, திங்கள்

கணக்கு சார் இன்று கைத்தடியோடு வேலைக்கு வந்துவிட்டார். வகுப்பை ஒப்படைத்துவிட்டேன். பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் தாழ்வாரத்தில் வரிசையாகப் போய் நின்றார்களாம். குறை எண் பாடத்துக்கு எல்லோரும் ஏன் முதுகைக் காட்டுகிறார்கள் என்று என்னை வந்து கேட்கிறார்.

காலையில் நடந்தது. வேன் தெருமுனையில் திரும்பியதுமே வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து ஹாரன்.

"எங்க டீச்சர் போறீங்க? வண்டி இங்க நிக்குது!"

விளக்குக் கம்பத்துக்கு நேராக நின்றிருந்தது. ஒரு அடி முன்னே இல்லை, பின்னே இல்லை. பதினோரு மீட்டர் திரும்பி நடந்து வந்து ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நோட்டுல எழுதினீங்களாமே. தங்கச்சி சொன்னா."

"ஆமா."

"அன்னைக்குக் கோடு சரியா இருந்திருந்தா, நான் எத்தனை மீட்டர்ல ஜெயிச்சிருப்பேன் டீச்சர்?"

"பதினொண்ணேகாலுக்குக் கொஞ்சம் கம்மி."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு நெஞ்சளவு."

அடுத்த நிறுத்தம் வந்தது. பிள்ளைகள் ஏறுவதற்குக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "அதையும் நோட்டுல எழுதிடுங்க."

எழுதிவிட்டேன்.